பணம் புழங்காத ஊரில் கடை: பழைய அமெரிக்க கிராமக் கடைகளின் பற்று வரவு

பேரேட்டுப் பித்தன் எழுதியது:

நண்பர்களே, அமெரிக்கா விடுதலை அடைந்த காலத்திலிருந்து 1840 வரை அங்கே கிராமங்களில் இருந்த பலசரக்குக் கடைகள் எப்படிக் கடன் கொடுத்தன, எப்படி வசூலித்தன என்று பேசலாமா? பொருளாதார வரலாறு என்றாலே வங்கி, பங்குச் சந்தை, ரயில் என்றுதான் பேச்சு ஓடுகிறது. ஆனால் அன்றைக்கு ஊர் ஓடியது கடைக்காரரின் பேரேட்டில்.

மாசசூசெட்ஸ், வெர்மான்ட் மாநிலங்களின் உள்கிராமங்களில் நாணயத்தைக் கண்ணால் பார்ப்பதே அரிது. கைக்கு வந்த கொஞ்சநஞ்ச வெள்ளியும் வரிக்கும் நிலத் தவணைக்கும் போய்விடும். ஆனால் உப்பு வேண்டும், தேயிலை வேண்டும், ஆணி, வெடிமருந்து, அவுரி, சீட்டித்துணி, வெல்லப்பாகு, ரம் எல்லாம் வேண்டும். கடைக்காரர் கொடுப்பார். நடந்ததை நடந்த வரிசையில் சிட்டையில் எழுதுவார். அப்புறம் நேரம் கிடைத்தபோது ஒவ்வொருவர் பேரிலும் பேரேட்டில் ஏற்றுவார். ஒரு பக்கம் பற்று, எதிர்ப் பக்கம் வரவு. அந்த வரவுப் பக்கத்தைப் படித்தால் ஊரே கண்ணுக்குத் தெரியும்: வெண்ணெய், பாலாடைக்கட்டி, கோதுமை, ஆட்டு ரோமம், விறகு, சாம்பல், மாட்டு வண்டி ஓட்டிய கூலி, கடைக்காரர் வீட்டு வேலியைச் சரிசெய்த கூலி.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைக்காரர் ஊருக்குக் கொடுத்த கடனும், அவர் நகரத்தில் வாங்கிய கடனும் ஒன்றல்ல. ஊர்க் கடனுக்குத் தேதி கிடையாது, பெரும்பாலும் வட்டி கிடையாது, எதைக் கொண்டுவந்தாலும் கழித்துக்கொள்வார்கள். நகரத்து மொத்த வியாபாரியிடம் வாங்கிய சரக்குக்கோ வழக்கமாக 6 மாதத் தவணை. அதைத் தாண்டினால் வட்டி. அதையும் பாஸ்டனிலோ பிலடெல்பியாவிலோ செல்லுபடியாகும் பணமாகவோ, அங்கே விற்கக்கூடிய சரக்காகவோ கட்ட வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த ஆள்தான் கிராமத்துக் கடைக்காரர். அவரைச் சுரண்டல்காரர் என்றோ ஊர்க் கொடையாளி என்றோ ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

உப்பளத்தான் எழுதியது:

நல்ல இழை, அண்ணே. இரண்டு சந்தேகம். வட்டி இல்லை என்கிறீர்கள். சரி. ஆனால் சரக்கின் விலையை நிர்ணயிப்பவரும் அவர்தான், விவசாயி கொண்டுவரும் வெண்ணெய்க்கு விலை சொல்பவரும் அவர்தான். அப்படியென்றால் வட்டி விலைக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது இல்லையா? இரண்டாவது, எதிலும் பணமே இல்லாமல் ஒரு கணக்கு எப்படி நேராகும்?

பேரேட்டுப் பித்தன் எழுதியது:

முதல் கேள்விக்கு: ஆமாம், ஒளிந்திருக்கிறது. பல கடைகளில் ரொக்கத்துக்கு ஒரு விலை, கணக்கில் எழுதினால் ஒரு விலை. இரண்டு பக்கமும் லாபம் வைக்க அவருக்கு இடம் இருந்தது. ஆனால் பக்கத்து ஊரில் இன்னொரு கடை இருந்தால் அந்த இடம் குறுகிவிடும். வண்டியைப் பூட்டிக்கொண்டு போக மக்களுக்குத் தெரியாதா என்ன.

இரண்டாவது கேள்விக்கு ஒரு பேச்சுக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு விவசாயி, கொல்லருக்கு லாடம் அடித்த கூலி தர வேண்டும். கையில் காசு இல்லை. ஒரு துண்டுச் சீட்டில், 'இவருக்கு ஒரு டாலருக்குச் சரக்கு கொடுத்து என் கணக்கில் எழுதிக்கொள்ளவும்' என்று கடைக்காரருக்கு எழுதிக் கொடுப்பார். கொல்லர் அதைக் கொண்டுபோய்த் துணி வாங்குவார். அல்லது தன் பழைய பாக்கியில் கழித்துக்கொள்ளச் சொல்வார். மூன்று பேருடைய கடன் ஒரே வரியில் தீர்ந்தது, ஒரு செம்புக் காசு கூடக் கைமாறவில்லை. பாதிரியாரின் சம்பளம், பள்ளி ஆசிரியரின் சம்பளம் எல்லாம் இப்படிக் கடைக் கணக்கு வழியாகப் போனதுண்டு. அதனால்தான் பேரேடு ஊரின் வங்கி என்கிறேன்.

கணக்கு பல மாதங்கள், சில சமயம் பல வருடங்கள் ஓடும். பிறகு ஒருநாள் இரண்டு பேரும் உட்கார்ந்து கூட்டிக் கழித்து, 'இன்றுவரை எல்லாக் கணக்கும் பார்த்து நேர்செய்தோம்' என்று பேரேட்டிலேயே எழுதி இருவரும் கையெழுத்துப் போடுவார்கள். மீதி பெரிதாக இருந்தால் அதைப் புரோநோட்டாக மாற்றுவார்கள். அந்த நிமிடத்திலிருந்து நிலைமையே வேறு. கணக்குப் பாக்கிக்கு வட்டி ஓடாது, நோட்டுக்கு ஓடும். மாசசூசெட்ஸில் சட்டப்படி 6 சதவீதம், நியூயார்க்கில் 7. அதைவிட முக்கியம், நோட்டைப் பின்பக்கம் கையெழுத்துப் போட்டு யாருக்கு வேண்டுமானாலும் மாற்றிவிடலாம். ஊர்க்காரருக்குக் கொடுத்த நோட்டு நாளைக்கு முகம் தெரியாத ஒருவர் கையில் இருக்கும்.

கணக்கு வாத்தியார் எழுதியது:

பழைய ஏடுகளைப் படிக்க ஆசைப்படுபவர்கள் முதலில் தடுக்கி விழும் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். 1792 இல் டாலர், சென்ட் என்று சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் கிராமக் கடைகளில் பல காலம் பவுண்டு, ஷில்லிங், பென்ஸில்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள். அதுவும் பிரிட்டனின் ஷில்லிங் இல்லை, மாநிலத்துக்கு ஒரு ஷில்லிங். நியூ இங்கிலாந்து எனப்படும் வடகிழக்கு மாநிலங்களிலும் வர்ஜீனியாவிலும் ஒரு டாலருக்கு 6 ஷில்லிங். நியூயார்க்கில் 8. பென்சில்வேனியாவில் ஏழரை. ஆகவே ஏட்டில் '3 ஷில்லிங்' என்று இருந்தால் அது பாஸ்டன் பக்கம் அரை டாலர், நியூயார்க் பக்கம் முப்பத்தேழரை சென்ட். மாநில எல்லை ஓரத்தில் கடை வைத்திருந்தவர் இரண்டையும் மனதில் போட்டுக்கொண்டுதான் கணக்கு எழுதியிருக்க வேண்டும்.

புழங்கிய வெள்ளியும் பெரும்பாலும் ஸ்பானிய நாணயம். ஒரு ஸ்பானிய டாலருக்கு 8 ரியால், ஒரு ரியால் பன்னிரண்டரை சென்ட். பழைய விலைகளில் பன்னிரண்டரை, முப்பத்தேழரை என்று வினோதமான எண்கள் அடிக்கடி வருவது இதனால்தான். அந்நிய நாணயங்கள் சட்டப்படி செல்லாது என்று ஆனதே 1857 இல்தான்.

பணம் என்ற ஒன்று கண்ணில் படாவிட்டாலும் ஒவ்வொரு முட்டைக்கும் விலை எழுதி வைத்தார்கள் பாருங்கள், அது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. வெறும் பண்டமாற்று என்று இதைச் சொல்லவே கூடாது.

தறிக்காரி எழுதியது:

சாம்பல் என்று ஒரே வார்த்தையில் கடந்துபோய்விட்டீர்கள், பித்தன் அண்ணே. கதையே அதில்தான் இருக்கிறது.

காட்டை வெட்டி நிலம் திருத்தும் குடியேறிக்கு முதல் விளைச்சல் வரும் வரை விற்க எதுவும் கிடையாது, எரித்த மரத்தின் சாம்பலைத் தவிர. அதைத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றி, கீழே வடியும் காரநீரைப் பெரிய இரும்புக் கொப்பரையில் காய்ச்சினால் பொட்டாஷ். இன்னும் சுத்தப்படுத்தினால் வெளுத்த முத்துச்சாம்பல். சோப்பு, கண்ணாடி, துணி வெளுப்பு என்று எல்லாவற்றுக்கும் பிரிட்டனில் அதற்குக் கிராக்கி. மோசமான பாதையில் கோதுமையை வண்டி ஏற்றிக் கொண்டுபோனால் கூலிக்கே சரியாகிவிடும். பொட்டாஷ் அப்படி இல்லை, எடைக்கு நல்ல விலை. ஆகவே கடைக்காரர்கள் சாம்பலைக் கணக்கில் வரவு வைத்து வாங்கி, தாங்களே காய்ச்சி, நகரத்துக் கடனைக் கட்டினார்கள். அமெரிக்காவின் முதல் காப்புரிமை 1790 ஜூலை 31 அன்று கொடுக்கப்பட்டது எதற்குத் தெரியுமா? பொட்டாஷ் செய்யும் முறைக்கு. வாங்கியவர் சாமுவேல் ஹாப்கின்ஸ்.

நியூயார்க் மாநிலத்தில் கூப்பர்ஸ்டவுனை நிறுவிய வில்லியம் கூப்பர் இதைப் பெரிய அளவில் செய்தவர். 1786 இலிருந்து நிலம் விற்றார். வந்தவர்களிடம் பணம் இல்லை. கோடாரி, சங்கிலி, உப்பு, சர்க்கரைக் கொப்பரை, பொட்டாஷ் கொப்பரை எல்லாம் கடனாகக் கொடுத்து, மேப்பிள் மரத்துப் பாலில் காய்ச்சிய சர்க்கரையையும் சாம்பலையும் வரவு வைத்துக்கொண்டார். அந்த ஏற்பாடு தொடங்கிய முதல் ஆண்டில் 43 பெரும் பீப்பாய் சர்க்கரையும் 300 பீப்பாய் பொட்டாஷும் முத்துச்சாம்பலும் சேர்ந்ததாகவும், மதிப்பு சுமார் 9,000 டாலர் என்றும் அவரே எழுதியிருக்கிறார். தன் கடனாளி எதை வைத்துக் கட்ட முடியும் என்று யோசித்து, அதற்கான கருவியையும் கடனாகவே கொடுத்த மனிதர். அது எனக்குப் பிடித்திருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வரவுப் பக்கத்தில் இருக்கும் வெண்ணெய், பாலாடைக்கட்டி, நூல், நெய்த துணி எல்லாம் யார் உழைப்பு? பெண்களின் உழைப்பு. பக்கத்தின் தலைப்பில் இருக்கும் பெயர் யாருடையது? கணவருடையது. மணமான பெண்ணின் சொத்தும் கடனும் கணவரோடு சேர்ந்தது என்பதுதான் அன்றைய சட்டம். விதவைகளும் மணமாகாதவர்களும்தான் தங்கள் பெயரில் கணக்கு வைக்க முடிந்தது. 1820களுக்குப் பிறகு மத்திய மாசசூசெட்ஸில் இது கொஞ்சம் அசைந்தது. கியூபாவிலிருந்து வந்த பனையோலையைக் கிழித்துக் கடைக்காரர் வீடுகளுக்குக் கொடுப்பார். பெண்களும் குழந்தைகளும் தொப்பி பின்னிக் கொண்டுவந்தால் கணக்கில் வரவு. அந்தத் தொப்பிகள் தெற்கே அடிமைகளுக்கும் வயல் வேலைக்காரர்களுக்கும் போயின. இந்தத் தொப்பிக் கணக்குகளில் பல இளம்பெண்களின் பெயர்கள் அவர்கள் பெயராகவே ஏட்டில் ஏறியிருக்கின்றன.

சட்டப்புள்ளி எழுதியது:

எல்லோரும் இதமாகப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். வழக்குமன்றப் பக்கத்தையும் கொஞ்சம் பார்ப்போம்.

கடைக்காரரின் ஏடு வெறும் ஞாபகக் குறிப்பு இல்லை, சாட்சியம். நியூ இங்கிலாந்து மன்றங்களில் கடைக்காரர் தன் ஏட்டைக் கொண்டுவந்து, 'இது அன்றன்று நானே எழுதியது' என்று சத்தியம் செய்தால் அதை ஏற்றுக்கொள்வார்கள். வழக்கில் ஒரு கட்சிக்காரரே தனக்காகச் சாட்சி சொல்ல முடியாத காலம் அது. கடைக் கணக்குக்கு மட்டும் அந்த விலக்கு. சிட்டையை வரிசை மாறாமல், நடுவில் இடம் விடாமல் எழுதியதற்கு இதுவும் காரணம். தோற்றால்? முதலில் ஜப்தி, அதற்கும் சொத்து இல்லாவிட்டால் சிறை. கடனுக்குச் சிறை என்பதை நியூயார்க் 1831 இல்தான் ஒழித்தது. மத்திய அரசு 1833 இல்.

1786 ஐ மறந்துவிட்டு இந்த இழையை நடத்த முடியாது. விடுதலைப் போர் முடிந்ததும் பிரிட்டிஷ் மொத்த வியாபாரிகள் பாஸ்டன் வியாபாரிகளுக்குச் சரக்கைக் கடனாக அள்ளிக் கொடுத்தார்கள். அவர்கள் உள்நாட்டுக் கடைக்காரர்களுக்குக் கொடுத்தார்கள். கடைக்காரர்கள் விவசாயிகளுக்கு. லண்டன் இறுக்கியதும் பாஸ்டன் இறுக்கியது, கடைக்காரர் வழக்குப் போட்டார். ஆகஸ்ட் 29 அன்று மாசசூசெட்ஸின் நார்த்தாம்ப்டனில் விவசாயிகள் திரண்டு மன்றமே கூட விடாமல் தடுத்தார்கள். அடுத்த ஜனவரி 25 அன்று ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதக் கிடங்கில் ரத்தம் சிந்தியது. ஷேஸ் கிளர்ச்சி என்று பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியில் முடித்துவிடுகிறார்களே, அது.

பேரேட்டுப் பித்தன் எழுதியது:

நீங்கள் சொல்வது என் வாதத்துக்கே பலம் சேர்க்கிறது, ஐயா. ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டும். கடைக் கடன் மட்டும் அந்த மக்களை வீதிக்குக் கொண்டுவரவில்லை. போர்க் கடனைத் தீர்க்க மாசசூசெட்ஸ் அரசு போட்ட வரியை வெள்ளியாகக் கட்டச் சொன்னார்கள். வெண்ணெயையும் வண்டிக் கூலியையும் கடைக்காரர் ஏற்றுக்கொள்வார், வரி வசூலிப்பவர் ஏற்றுக்கொள்ள மாட்டார். காசே இல்லாத ஊரில் இரண்டு பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் காசு கேட்டால் என்ன செய்வார்கள்?

வைகைக்கரை எழுதியது:

நடுவில் உட்கார்ந்திருந்த கடைக்காரர் நொறுங்கிப்போனதற்கு ஆபிரகாம் லிங்கனைவிட வேறு உதாரணம் வேண்டுமா?

இல்லினாயில் சாங்கமன் ஆற்றங்கரையில் நியூ சேலம் என்று ஒரு சின்ன ஊர். 1831 இல் டென்டன் ஆஃபட் என்பவரின் கடையில் லிங்கன் வேலைக்கு வந்தார். கொஞ்ச காலத்திலேயே அந்தக் கடை படுத்துவிட்டது. அடுத்த ஆண்டு அவரும் வில்லியம் பெர்ரியும் கூட்டாக ஒரு கடையை வாங்கினார்கள். ரொக்கம் எங்கே இருந்தது? லிங்கன் தன் பங்குக்கு, அதை விற்ற ரோவன் ஹெர்ண்டனுக்கு நோட்டுதான் எழுதிக் கொடுத்தார். அதோடு நிற்கவில்லை. அதே ஊரில் ரூபன் ராட்ஃபோர்டின் கடையைச் சில முரட்டு இளைஞர்கள் அடித்து நொறுக்க, அவர் வெறுத்துப்போய்ச் சரக்கை வில்லியம் கிரீன் என்ற இளைஞரிடம் 400 டாலருக்குத் தள்ளிவிட்டார். கிரீன் அதைக் கையோடு லாபம் வைத்து லிங்கன், பெர்ரிக்கு விற்றார். இந்த வியாபாரத்தில் சுமார் 380 டாலருக்கு ராட்ஃபோர்டு பெயருக்கு ஒரு நோட்டு. சின்ன ஊர், கொஞ்சம் வாடிக்கையாளர், அலமாரி முழுக்கச் சரக்கு, கீழே முழுக்கக் கடன் காகிதம். கடை ஓடவில்லை.

இப்போது பித்தன் சொன்ன இடத்துக்கு வருவோம். ராட்ஃபோர்டு அந்த நோட்டை வான் பெர்கன் என்பவருக்கு மாற்றிவிட்டார். அவர் வழக்குப் போட்டார். லிங்கனின் குதிரை, சேணம், நில அளவைக் கருவிகள் ஜப்தியாகி ஏலத்துக்கு வந்தன. அந்தக் கருவிகள்தான் அன்றைக்கு அவருக்குச் சோறு. ஜேம்ஸ் ஷார்ட் என்ற விவசாயி ஏலத்தில் எடுத்து அப்படியே அவரிடம் திருப்பிக் கொடுத்தார். 1835 ஜனவரியில் பெர்ரி இறந்தபோது கூட்டாளியின் பங்கும் சேர்ந்து கடன் சுமார் 1,100 டாலர். 'தேசியக் கடன்' என்று அதை நண்பர்களிடம் சொல்லிக்கொண்டே பல ஆண்டுகள் கட்டித் தீர்த்தார். இரவோடு இரவாக ஊரைவிட்டுப் போயிருக்கலாம், அன்றைக்கு எத்தனையோ பேர் போனார்கள். அந்த மனிதர் மேல் எனக்குள்ள மரியாதையில் பாதி இந்தக் கடனைக் கட்டியதற்காகத்தான்.

உப்பளத்தான் எழுதியது:

லிங்கன் கதை மனதைத் தொடுகிறது, மறுக்கவில்லை. ஆனால் எல்லாக் கடைக்காரரும் லிங்கன் இல்லை. வர்ஜீனியாவையும் மேரிலாந்தையும் பாருங்கள். விடுதலைக்கு முன்பே ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரக் கம்பெனிகள் ஆற்றோரங்களில் வரிசையாகக் கடை போட்டிருந்தன. ஜான் கிளாஸ்ஃபோர்டு கம்பெனிக்குக் கால்செஸ்டரில் ஒரு கடை, அலெக்சாண்டர் ஹெண்டர்சன் முகவர். விளையப் போகும் புகையிலையை நம்பி இன்றைக்கே சரக்கு. கடன் கொடுத்தால்தான் அடுத்த அறுவடைப் புகையிலை தங்கள் கப்பலுக்கு வரும் என்பது அவர்கள் கணக்கு. தகப்பன் கடன் பிள்ளைக்கு வந்து, தோட்டக்காரர்களே லண்டன் வியாபார நிறுவனங்களோடு ஒட்டிய ஒருவகைச் சொத்து ஆகிவிட்டார்கள் என்று பின்னாளில் குடியரசுத் தலைவரான ஜெஃபர்சனே எழுதினார். 1772 ஜூனில் ஸ்காட்லாந்தில் ஏர் (Ayr) என்ற ஊரின் வங்கி விழுந்ததும் முகவர்கள் ஊர் ஊராக வழக்குப் போட்டார்கள். அந்தப் பழைய கடன் தகராறு 1802 இல் அமெரிக்க அரசு பிரிட்டனுக்கு 600,000 பவுண்டு தர ஒப்புக்கொண்ட பிறகுதான் ஓய்ந்தது. அங்கே கடைக்காரர் ஊர்க்காரர் இல்லை. கம்பெனியின் கை.

தறிக்காரி எழுதியது:

உப்பளத்தான் தம்பி சொல்வது சரி. ஆனால் அதே வர்ஜீனியாவின் ஏடுகளில் எனக்கு மறக்க முடியாத ஒரு வரி இருக்கிறது. ஜான் ஹூக் என்ற ஸ்காட்டியரின் கடையில் அடிமைப்பட்டவர்களுக்கும் கணக்கு இருந்தது. சுக்கி என்ற பெண், தான் கொண்டுவந்த பருத்திக்கு ஒரு கண்ணாடியும் ரிப்பனும் வாங்கியிருக்கிறாள். சட்டத்தின் கண்ணில் அவளே ஒருவரின் சொத்து, அவளுக்குச் சொத்து கிடையாது. ஆனாலும் முகம் பார்க்கும் கண்ணாடி வேண்டும் என்று முடிவு செய்து, தன் பருத்தியைக் கொடுத்து வாங்கினாள். அந்தக் கடைக்காரரும் எழுதி வைத்தார். அவளைப் பற்றி வேறு என்ன ஏடு மிஞ்சியிருக்கப் போகிறது?

நம் பக்கத்துச் செய்தி ஒன்றும் உண்டு. 1794 இல் பிரிட்டனோடு செய்த உடன்படிக்கைக்குப் பிறகு அமெரிக்கக் கப்பல்கள் கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் நேராகவே வந்து துணி ஏற்றின. மெட்ராஸ் கைக்குட்டைகள் அந்தக் கிராமக் கடை அலமாரிகள் வரை போயிருக்கின்றன.

கணக்கு வாத்தியார் எழுதியது:

1837 நிதி நெருக்கடிக்குப் பிறகு நடந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நியூயார்க்கில் டாப்பன் சகோதரர்களின் பட்டுக் கம்பெனி பத்து லட்சம் டாலருக்கு மேல் கடனோடு முடங்கியது. தூரத்துக் கடைக்காரர்களுக்கு ஆள் தெரியாமல் கடன் கொடுத்ததன் வலியை அனுபவித்த லூயிஸ் டாப்பன், 1841 இல் ஒரு வணிகத் தகவல் நிறுவனத்தைத் தொடங்கினார். அடிமை ஒழிப்புக்காகப் பாடுபட்ட அதே டாப்பன்தான். ஊர் ஊராக வழக்கறிஞர்களைப் பிடித்து, அங்குள்ள கடைக்காரர் யார், சொத்து எவ்வளவு, குடிப்பாரா, மனைவி வழியில் நிலம் உண்டா என்று எழுதி அனுப்பச் சொன்னார். நியூயார்க் மொத்த வியாபாரி சந்தா கட்டி அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அந்த ஏடுகள் 2,500க்கு மேல் ஹார்வர்டில் இருக்கின்றன.

அதுவரை கடைக்காரர்தான் ஊர்க்காரர்களை எடைபோட்டுக்கொண்டிருந்தார். இப்போது அவர் பெயருக்கும் ஒரு பக்கம் திறந்தாயிற்று. தான் பார்க்கவே முடியாத ஒரு பக்கம்.

உப்பளத்தான் எழுதியது:

கடைசியாக ஒன்று, பித்தன் அண்ணே. வசூலாகாத பாக்கியை என்ன செய்தார்கள்? நம்மூர் மளிகைக் கடை நோட்டில் பழைய பாக்கி வருஷக்கணக்கில் அப்படியே கிடக்குமே, அந்த மாதிரியா?

பேரேட்டுப் பித்தன் எழுதியது:

கிடக்க விட்டால் கெட்டுவிடும், தம்பி. மாசசூசெட்ஸிலும் நியூயார்க்கிலும் கணக்குப் பாக்கிக்கு 6 ஆண்டு காலவரம்பு. ஆனால் நடுவில் ஒருமுறை உட்கார்ந்து கணக்குப் பார்த்துக் கடனாளி கையெழுத்துப் போட்டுவிட்டால் காலம் மறுபடி புதிதாக ஓடத் தொடங்கும். அதனால்தான் கெட்டிக்காரக் கடைக்காரர்கள் பணம் வராவிட்டாலும் பரவாயில்லை, கையெழுத்து வரட்டும் என்று கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். அப்புறம் நோட்டாக மாற்றுவது, அல்லது நிலத்தின் மேல் அடமானம் எழுதி வாங்குவது. கடைக்காரர்கள் பலர் கடைசியில் நிலக்காரர்கள் ஆனது இப்படித்தான்.

ஆள் ஊரைவிட்டுப் போய்விட்டால் ஒன்றும் செய்ய முடியாது. 1819, 1837 நெருக்கடிகளுக்குப் பிறகு தெற்கிலும் மேற்கிலும் 'டெக்சாஸ் போய்விட்டார்' என்பதன் மூன்று ஆங்கில முதலெழுத்துகளை (G.T.T.) மட்டும் பெயருக்கு நேரே எழுதிக் கணக்கை மூடியிருக்கிறார்கள். டெக்சாஸ் அன்றைக்கு மெக்சிகோவில், பிறகு தனி நாடு. அமெரிக்க மன்றத்தின் வாரண்ட் அங்கே செல்லாது.

சட்டப்புள்ளி ஐயா, அடமானம் மீட்கும் உரிமை அன்றைக்கு மாநிலத்துக்கு மாநிலம் எப்படி வேறுபட்டது என்று நீங்கள்தான் எழுத வேண்டும். காத்திருக்கிறேன்.